இரண்டு வாளித் தண்ணீர்

எங்கள் மாட்டுக்கு மின்விசிறி வந்த அன்று ஒழுங்கையில் பாதிப்பேர் பார்க்க வந்துவிட்டார்கள். என் கணவரின் தம்பி கனடாவில் இருந்தபடியே யாழ்ப்பாணத்துக் கடையொன்றுக்குச் சொல்லி, அதை வாசல்வரை அனுப்பிவைத்திருந்தார். சுவரில் பூட்டுகிற பெரிய விசிறி. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சுழலுமே, அந்த வகை. முப்பது வருடமாக நான் அடுப்படியில் பனையோலை விசிறியோடு மல்லுக்கட்டுகிறேன். அந்தச் செய்தி இன்னும் கனடாவை எட்டவில்லை போலும்.

விசிறியோடு ஒரு கமராவும் வந்தது. தம்பி வேலை முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் மாட்டைப் பார்க்க வேண்டுமாம். பார்த்தால் மனதுக்கு ஆறுதலாம். கொட்டிலும் அவர் கட்டித் தந்ததுதான் என்பதால் நாங்கள் வாய் திறக்கவில்லை. பழைய கொட்டில் கிடுகு வேய்ந்தது, நாலு பக்கமும் திறந்தது. "என்ன அண்ணை, ஆக்கள் வந்து பாத்தா வெக்கமெல்லே?" என்று தம்பி கேட்ட ஒரு கேள்விக்காக அதைப் பிரித்தெறிந்துவிட்டு, கை எட்டுகிற உயரத்தில் தகரக் கூரையும் மூன்று பக்கம் மதிலுமாக ஒன்றை எழுப்பினார்கள். நீலப் பெயின்ற் வேறு. பிறகு, கமராவுக்கு மறைக்கிறதென்று கூரைக்கு மேலே கவிந்திருந்த வேப்பங்கொப்புகளையும் தறித்தார்கள். மாட்டைத் தகரப் பெட்டிக்குள் கட்டி, நிழலையும் வெட்டி, அதற்குப் பிறகு காற்றுக்கு விசிறி பூட்டுகிற புத்தி எங்கள் குடும்பத்துக்குத்தான் வரும். சித்திரை மாதத்தில் அந்த விசிறி அடித்த காற்றில் அப்பளம் பொரிக்கலாம்.

மாடு ஜேர்சிக் கலப்பு. மண்ணிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. நல்ல பால்காரி. ஆனால் அடுத்த சினைக்கு எங்களை அலைக்கழித்துவிட்டாள். மூன்று தரம் சினை ஊசி போட்டும் சரிவரவில்லை. நாலாம் தரம் சினைப்பட்டிருக்கிறாள் என்று மாட்டு டொக்டர் சொன்ன அன்று, நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். நாகு கன்றாக, பெண்ணாக, இருக்க வேண்டும் என்று நேர்த்தியும் வைத்தேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். வீட்டில் பிறக்கப்போகிற ஒரே உயிர் அந்தக் கன்றுதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்கு ஒரு மணிகூட வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.

இவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அரச உத்தியோகத்தில் இவர் செய்த வேலை, கடைகளிலும் சந்தைகளிலும் தராசையும் படிக்கல்லையும் பரிசோதிப்பது. சுன்னாகம் சந்தைக்குள் இவர் தலை தெரிந்தாலே வெங்காயம் நிறுக்கிறவர்களின் கை நடுங்குமாம். சொன்னவரும் இவரேதான். ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் அந்தக் கண் மாறவில்லை. நான் உலைக்கு அரிசி அளந்தால் சுண்டின் விளிம்பை விரலால் வழித்து மட்டம் பார்ப்பார். இப்பேர்ப்பட்ட மனுசன் பால் விற்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பால் சேகரிக்கிற நிலையத்தில் பால்மானி என்று ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார்கள். அதைப் பாலுக்குள் விட்டால் மிதக்கும். பால் தடிப்பென்றால் ஒரு கோட்டில் நிற்கும், தண்ணீர் கலந்திருந்தால் கீழே இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பாலில் அது ஒவ்வொரு நாளும் ஒரே கோட்டில் நின்றது. இவர் அதைக் குனிந்து பார்த்து நிமிரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கல்யாணத்தன்று என்னைப் பார்த்தபோது அது வரவில்லை. "எங்கடை வீட்டுப் பாலிலை ஒரு சொட்டுத் தண்ணி காட்டட்டும் பாப்பம்" என்று சந்தியில் நின்று சவால் விடுவார். நான் மட்டும் என்ன குறைவு? கோயிலில், கடையில், செத்தவீட்டில்கூட, "உங்கடை பால் எண்டால் நம்பிக் குடிக்கலாம் அக்கா" என்று யாராவது சொன்னால் ஒரு வாரத்துக்கு அதை மென்றுகொண்டு திரிவேன்.

அந்த மானம்தான் எங்களுக்கு வினையாக வந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் நிலையத்தில் நிற்கிற பொடியன், "ஐயா, இண்டைக்குப் பால் கொஞ்சம் இளகிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டான். குழாய் அரைக் கோடு இறங்கியிருந்ததாம். அவன் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பான். இவர் வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்து யாரோ காலமாகிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"எனக்கு! எனக்குச் சொல்லுறான் பால் இளகினதெண்டு!"

"பொடியன் உங்களைக் கள்ளனெண்டு சொல்லேல்லையே?"

"வாயாலை சொல்லேல்லை. பார்வையிலை சொன்னவன்."

அன்று பகல் முழுவதும் விசாரணை நடந்தது. குற்றவாளி யார் என்று மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டார். மாடுதான். எங்கள் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க நேரம் உண்டு. காலையில் கறந்தபின் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி, இரண்டிலும் புண்ணாக்கும் தவிடும் கரைத்து வைப்போம். ஊர் மாடுகள் அந்த இரண்டு வாளியோடு மேய்ச்சலில் கிடைத்ததையும் குடித்துச் சமாளித்துக்கொள்ளும். இவள் கலப்பு மாடு, கொட்டிலை விட்டு நகராதவள் என்பதால், மத்தியானத்தில் நான் ஒரு வாளி வெறும் தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாளியின் அடியை நக்குவாள். அந்த மத்தியான வாளிதான் பாலைக் கெடுக்கிறது என்பது இவருடைய தீர்ப்பு.

"மாடு கண்டபாட்டுக்குத் தண்ணியைக் குடிச்சா, அது எங்கை போறது? பாலுக்கைதானே போகும்!"

"அப்ப நீங்கள் குடிக்கிற தேத்தண்ணியெல்லாம் எங்கை போகுது? மூளைக்கையோ?"

"உமக்கு உது விளங்காது. நாளையிலையிருந்து மத்தியானம் தண்ணி வையாதையும்."

நான் நன்றாகச் சிரித்தேன். அடுத்த நாள் தங்கைக்கு போன் எடுத்து அந்தத் தேத்தண்ணிப் பகிடியைச் சொல்லி அவளையும் சிரிக்கவைத்தேன். ஆனால் அன்றிலிருந்து மத்தியான வாளியை நானும் கொண்டுபோய் வைக்கவில்லை.

சித்திரை வந்தது. காற்று என்ற சாமான் ஊரைவிட்டே போய்விட்டது. கொட்டிலுக்குள் போனால் தலையில் யாரோ சுடுசட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். மாடு படுப்பதை விட்டுவிட்டது. பகல் முழுவதும் நின்றபடியே வாயைத் திறந்து இளைத்தது. வாயிலிருந்து வீணி நூலாக வடிந்து தரையை நனைத்தது. புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டது. பாலும் பாதியாகக் குறைந்தது. குறைந்த பாலும் இளகித்தான் இருந்தது. இதைப் பார்த்த பிறகாவது புத்தி வரும் என்றுதானே நினைப்பீர்கள்? இவர் பின்னேர வாளியில் கால்வாசியைக் குறைத்தார்.

அதே கிழமை கனடாவிலிருந்து தம்பி போன் எடுத்தார். "அண்ணி, மாடு நல்ல சந்தோசமா நிக்குது போல. வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரிக் கிடக்கு."

"அது சிரிக்கேல்லை தம்பி. வெக்கை தாங்கேலாமல் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்குது."

"விசிறி இருக்கெல்லே அண்ணி, பிறகென்ன வெக்கை? ஆரேன் கண்வைச்சிருப்பினம். நாவூறு கழிச்சு விடுங்கோ."

கழித்தேன். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மாட்டைச் சுற்றி, அடுப்பில் போட்டுக் கருக்கினேன். வெக்கையில் செத்துக்கொண்டிருந்த மாட்டுக்கு நாங்கள் செய்த வைத்தியம் நெருப்பு. மிளகாய்ப் புகையில் அது இருமியதைத் தம்பி கமராவில் பார்த்து, நாவூறு நல்லாக் கழிகிறது என்று சொன்னார்.

இந்த இடத்தில் எங்கள் குடும்பப் பெருமை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒழுங்கை முகப்பில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. வழியில் போகிற வருகிற மாடுகள் குடிக்கட்டும் என்று இவருடைய பூட்டனார் கட்டியது. மாடுகள் உடம்பை உரசிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கல்லும் நட்டிருக்கிறார். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இவர் மூன்றாவது வாய்ச் சோற்றுக்குள் அந்தத் தொட்டியின் கதையைத் தொடங்கிவிடுவார். "அந்தக் காலத்திலை வாயில்லாச் சீவனுக்கும் தண்ணி வைச்ச பரம்பரை எங்கடை." தைப்பொங்கலுக்கு அந்தத் தொட்டிக்கும் கொட்டிலில் மிஞ்சிய நீலப் பெயின்றை அடித்து, பூட்டனாரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவித்தார்கள். அதற்குள் தண்ணீர் விடுகிற யோசனை மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. பெயின்ற் கழன்றுவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

நாவூறு கழித்து இரண்டு நாள் போயிருக்கும், ஒரு மத்தியானம் கரண்ட் நின்றது. விசிறி நின்றது. இவர் சாப்பிட்டுவிட்டு சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தார். நான் சட்டிபானை கழுவிக்கொண்டிருந்தேன். படலையில் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி. வேலிக் கதியால் மரங்களை அரை அடி எங்கள் பக்கம் நகர்த்தி நட்டாள் என்று மூன்று வருடமாக அவளோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் கூப்பிட்டதும், இன்னும் அரை அடி கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மனம் அப்படி.

"உங்கடை மாடு கயித்தை அறுத்துக்கொண்டு வந்து தொட்டியடியிலை நிக்குது. வந்து பாருங்கோ."

ஓடினேன். மாடு தொட்டிக்குள் தலையைவிட்டு நக்கிக்கொண்டிருந்தது. காய்ந்த சீமெந்தில் நாக்கு உரசுகிற சத்தம் ஒழுங்கையெல்லாம் கேட்டது. பெயின்ற் செதில் செதிலாகக் கழன்று நாக்கில் ஒட்டியிருந்தது. நான் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். அது என்னைப் பார்த்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் மடித்து, பூட்டனாரின் பெயருக்குக் கீழே சரிந்து விழுந்தது.

பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் தன் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். ஒரு வாளியை மாட்டின் தலையிலும் கழுத்திலும் ஊற்றினாள். அடுத்ததை வாயடியில் பிடித்தாள். மாடு படுத்தபடியே உறிஞ்சியது. அவள் மூன்றாவது வாளிக்குத் திரும்பும்போது என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்கடை கிணறு வத்திப்போச்சுதோ அக்கா?"

அவள் நக்கலாகக் கேட்டிருந்தால் நான் பதில் வைத்திருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள். கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது ஒருவர் தன் மாட்டை இப்படி வைத்திருப்பார் என்று அவளால் நினைக்க முடியவில்லை. ஒழுங்கையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். இவரும் சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார், அவள் கேட்டது அவர் காதிலும் விழுந்தது.

மாட்டு டொக்டர் ஸ்கூட்டியில் வந்தார். சின்ன வயதுப் பெண். எங்கள் மூத்தவளைவிட இளையவர். மாட்டின் சூடு பார்த்தார், விலா அசைவதை மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார், ஊசி போட்டார். பிறகு எழும்பிக் கொட்டிலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஐயா, இதுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வைக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

"அளந்து ரெண்டு வாளி" என்றார் இவர். அந்த 'அளந்து'வில் இன்னும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வாளியோ? இந்த வெக்கைக்கு இது உங்கடை கிணத்தையே குடிச்சாலும் காணாது ஐயா."

"இல்லைப் பிள்ளை, தண்ணி கூடினால் பால் இளகிப்போகுமெல்லே? எங்கடை பாலைப் பற்றி ஒருத்தரும் ஒரு கதை கதைச்சதில்லை."

டொக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "குடிக்கிற தண்ணி பாலைத் தண்ணியாக்காது ஐயா. வெக்கையிலை மாடு சாப்பிடாது, அதாலைதான் பால் இளகினது. நீங்கள் தண்ணியைக் குறைக்க அது இன்னும் சாப்பிடாமல் விட்டிருக்கு. முன்னாலை எந்த நேரமும் தண்ணி நிக்கோணும், தன்ரை பாட்டிலை குடிக்கட்டும். பகலிலை மேலை ஊத்தி நனைச்சுப்போட்டு விசிறியைப் போடுங்கோ. நனையாமல் போட்டால் உது சும்மா சுடுகாத்து. தீனை விடியவும் பொழுதுபட்டும் வையுங்கோ. அந்த மதிலையும் இடியுங்கோ, காத்து எங்காலை வாறது?"

நான் ஒன்றைத்தான் கேட்டேன். "கன்று?"

"ரெண்டு மூண்டு நாள் பாக்கோணும் அம்மா" என்றார்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இவர் அலவாங்கை எடுத்து மதிலைத் தன் கையாலேயே இடித்தார். நெஞ்சுவலிக்காரர், சொல்லக் கேட்கவில்லை. வேலியில் எந்தக் கதியால் யாருடையது என்று மூன்று வருடம் சண்டை பிடித்தோமோ, அந்தக் கதியாலில் ஏறிப் பக்கத்து வீட்டுக்காரி கொப்புக் கொப்பாக வெட்டித் தந்தாள். அதைத் தகரத்துக்கு மேலே பரப்பி, நனைத்த சாக்குகளையும் போட்டோம். எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைப் பாதியாக வெட்டி, உரஞ்சிக் கழுவி, மாட்டுக்கு முன்னால் வைத்து நிறைத்தோம். அது குடிக்கக் குடிக்க நான் நிறைத்தேன். கை கொப்பளித்தது. ஒரு வாளிக்கு மறுப்புச் சொன்ன வீட்டில் மோட்டர் பகல் முழுக்க ஓடியது. தம்பி எடுத்து, "கமராவிலை ஒண்டும் தெரியேல்லையே அண்ணி?" என்று கேட்டார். கமராவுக்கு மேலே ஒரு ஈரச் சாக்கைப் போட்டிருப்பதாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் விடியப் பால்கறக்கப் போனபோது கன்று வைக்கோலில் கிடந்தது. வயிற்றில் ஆறு மாதம் மட்டுமே இருந்த கன்று, உயிரில்லை. கண்ணிமையில் மட்டும் மயிர் அரும்பியிருந்தது. நாகுதான். மாடு அதை நக்கி நக்கிச் சுத்தமாக்கி வைத்திருந்தது. என்னைக் கண்டதும் தலையை நிமிர்த்தி ஒரு தரம் கத்தியது, திரும்பவும் நக்கத் தொடங்கியது. நான் அந்த வைக்கோலிலேயே குந்தியிருந்து, பிள்ளைகள் வெளிக்கிட்டுப் போன நாளில்கூட அழாத அழுகையை அழுதேன்.

தறித்த வேம்பின் அடியில் இவர் குழி வெட்டினார். நான் அலுமாரிக்குள் இருந்த மணியை எடுத்துவந்து கன்றோடு போட்டேன். இவர் அந்த மணியைப் பார்த்தார். அப்படியொன்று வாங்கிவைத்திருப்பது அவருக்குத் தெரியாது. மண்ணைத் தள்ளும்போது, "பிழை என்ரைதானப்பா" என்றார்.

இதே வார்த்தையைக் கேட்க நான் முப்பது வருடம் காத்திருந்தவள். கேட்டதும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது முழு உண்மையில்லை. தண்ணீர் வைக்க வேண்டாமென்று அவர் சொன்னார், சரி. மத்தியானத்தில் அவர் நித்திரை. கிணறு பத்து அடி தூரத்தில். வாளி என் கைக்கெட்டிய இடத்தில். அவருக்குத் தெரியாமல் எத்தனையோ செய்கிற எனக்கு, ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுபோய் வைக்க யாருடைய உத்தரவு வேண்டிக்கிடந்தது? அவரை நக்கலடித்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பால் இளகினால் செத்தவீட்டில் யார் என்னைப் புகழ்வார்கள்?

டொக்டர் ஊசி போட்ட நாட்களின் பாலையெல்லாம் நிலத்தில் ஊற்றினோம். ஒரு மாதம் கழித்து இவர் திரும்பவும் பால்கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். அதற்குள் மாடு நன்றாகத் தேறிவிட்டது. பீப்பாயிலிருந்து தன்பாட்டில் குடித்தது, தின்றது, படுத்து அசை போட்டது. எத்தனை வாளி குடிக்கிறது என்று எண்ணுவதை இவரும் விட்டுவிட்டார்.

வழக்கத்தைவிடப் பிந்தித்தான் வந்தார். சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு வீட்டுக்குள் வராமல் நேரே கொட்டிலுக்குப் போனார். நான் பீப்பாயை நிறைத்துவிட்டுக் குழாயோடு நின்றேன். வெறும் பால்கானைக் கீழே வைத்துவிட்டு மாட்டின் கழுத்தைத் தடவினார்.

"பால்மானி பழைய கோட்டிலைதான் நிக்குதப்பா" என்றார். "ஒரு நூல்கூட இறங்கேல்லை."

மாடு பீப்பாய்க்குள் முகத்தைவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அரைவாசிக்கு இறங்கியிருந்தது. குழாயைத் திரும்பவும் திறந்துவிட்டேன்.